கரிம உலோக வேதியியலில் ஈனிகளை வகைப்படுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூருக்கு முதுகலை வேதியியல் படிக்கவும் ஆய்வு செய்யவும் வரும் தமிழ் மாணவர்களில் பலர், உலோக அணுவோடு பிணையும் அணுவையோ மூலக்கூறையோ பள்ளியில் 'ஈனி' என்று தமிழில் படித்தவர்கள். இங்கே ஆய்வகத்தில் அதுவே 'லிகண்ட்'. பெயர் மாறுவது சிக்கலே இல்லை, இரண்டு நாளில் பழகிவிடும். ஒரே ஈனியை ஒரு நூல் ஐந்து எலக்ட்ரான் தருவது என்றும் இன்னொன்று ஆறு தருவது என்றும் எழுதும்போதுதான் குழப்பம் வருகிறது. நெட், கேட் தேர்வுக்குத் தயாராகிறவர்களும், முதல் கார்பனைல் சேர்மத்தை (கார்பன் மோனாக்சைடை ஈனியாகக் கொண்டது) கையில் எடுக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

பன்னிரண்டாம் வகுப்பில் படித்த ஒருமுனை, இருமுனை, பலமுனை ஈனி வகைப்பாடு போதாதா?

எத்திலீன் டைஅமீன் போன்ற ஈனிக்குப் போதும். அதில் இரண்டு நைட்ரஜன்கள், இரண்டும் தனித்தனியே நின்று உலோகத்தைப் பிடிக்கின்றன. இரண்டு ஐந்து-கார்பன் வளையங்களுக்கு நடுவே ஓர் இரும்பு அமர்ந்த ஃபெர்ரோசீனுக்கு வந்ததும் அந்த வகைப்பாடு நின்றுவிடுகிறது. ஒவ்வொரு வளையத்தின் ஐந்து கார்பன்களும் சேர்ந்து, தங்கள் பை எலக்ட்ரான் திரளால் இரும்பைப் பிடிக்கின்றன. இதை ஐந்துமுனை ஈனி என்று சொன்னால் பொருளே மாறிவிடும்.

ஆகவே கரிம உலோக வேதியியலில் வெவ்வேறு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். அடுத்தடுத்துள்ள எத்தனை அணுக்கள் உலோகத்தைத் தொடுகின்றன என்பதற்கு ஈட்டா. இடையில் தொடாத அணுக்கள் இருக்க, பிரிந்து நிற்கும் எந்த அணுக்கள் பிணைகின்றன என்பதற்கு காப்பா. ஒரே ஈனி எத்தனை உலோகங்களைப் பாலமாக இணைக்கிறது என்பதற்கு மியூ. இந்த மூன்றும் வடிவத்தைச் சொல்பவை. பிணைப்புக்கான எலக்ட்ரான்களை யார் கொண்டுவருகிறார்கள் என்பது இவற்றில் எதிலும் அடங்காத நான்காவது கேள்வி. எல், எக்ஸ், இசட் வகைகள் அதற்காக வந்தவை.

எல், எக்ஸ், இசட் என்றால் என்ன?

ஆக்ஸ்ஃபோர்டின் மால்கம் கிரீன் 1995-இல் முழு வடிவில் வெளியிட்ட சகப்பிணைப்பு வகைப்பாடு இது. ஈனியை உலோகத்திலிருந்து மின்சுமை இல்லாத துண்டாகப் பிரித்தெடுப்பதாக மனத்தில் வையுங்கள். அப்போது பிணைப்பின் இரண்டு எலக்ட்ரான்களும் ஈனியோடு வந்தால் அது எல் வகை: கார்பன் மோனாக்சைடு, பாஸ்ஃபீன், அமீன், எத்திலீன், நீர். ஒன்று மட்டும் வந்தால் எக்ஸ் வகை: ஹைட்ரஜன், குளோரின், மெத்தில், ஃபீனைல். ஈனி வெறுங்கையோடு பிரிந்தால், அதாவது இரண்டையும் உலோகமே கொடுத்திருந்தால், அது இசட் வகை. போரான், அலுமினியம் சார்ந்த லூயி அமிலங்கள் இதில் சேரும்.

பெரிய ஈனிகளுக்கு இந்த எழுத்துகளைக் கூட்டி எழுதுகிறோம். ஈட்டா-3 அல்லைல் எல்எக்ஸ். ஈட்டா-5 சைக்ளோபென்டாடையீனைல், ஆய்வகப் பேச்சில் சிபி, எல்2எக்ஸ். ஈட்டா-6 பென்சீன் எல்3. அதே அல்லைல் ஒரே கார்பனால் மட்டும் பிடித்தால் வெறும் எக்ஸ். அந்த எழுத்து மூலக்கூறுக்கு நிரந்தரமாக ஒட்டிய பட்டம் அல்ல. அந்தச் சேர்மத்தில் அது எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதற்கான விடை. இனி வரும் பதில்கள் எல்லாம் இதைச் சுற்றியே இருக்கும்.

சிபி ஐந்து எலக்ட்ரான் தருமா, ஆறு தருமா?

இரண்டும் சரி, ஆனால் ஒரே கணக்குக்குள் இரண்டும் வரக்கூடாது. நடுநிலை முறையில் ஃபெர்ரோசீனின் இரும்புக்கு 8 (தொகுதி எண்), ஒவ்வொரு சிபிக்கும் 5, ஆக 18. அயனி முறையில் இரும்பு இரண்டு நேர்மின்சுமையோடு டி6 (ஆறு டி எலக்ட்ரான்கள்), ஒவ்வொரு சிபியும் எதிர்மின் அயனியாக 6, அதுவும் 18.

தவறு நடக்கும் இடம் எப்போதும் ஒன்றுதான். இரும்பை அயனி முறையில் 6 என்று எடுத்து, சிபியை நடுநிலை முறையில் 5 என்று எடுத்தால் 16 வரும். தலைகீழாகக் கலந்தால் 20. தேர்வில் தரப்படும் தவறான விடைத் தெரிவுகள் பெரும்பாலும் இந்தக் கலப்பில் கிடைக்கும் எண்களே என்பதால், தவறான விடையும் கண்ணுக்குச் சரியாகவே தெரியும். தாளின் மேல் ஓரத்தில் 'நடுநிலை' அல்லது 'அயனி' என்று முதலில் எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். எங்கள் பரிந்துரை நடுநிலை முறை. ஆக்சிஜனேற்ற எண்ணை முன்கூட்டியே ஊகிக்க வேண்டிய தேவை அதில் இல்லை.

மின்சுமை உள்ள சேர்மத்துக்கு எப்படிக் கணக்குப் போடுவது?

முதலில் எல்லா ஈனிகளையும் எழுத்துகளாக மாற்றுங்கள். பிறகு மின்சுமையை ஈனிகள்மேல் ஏற்றிக் கரையுங்கள். எதிர்மின்சுமை இருந்தால், ஒவ்வொரு மின்சுமைக்கும் ஒரு எக்ஸ் எல்லாக மாறும். எக்ஸ் இல்லாவிட்டால் ஒரு எல் எல்எக்ஸ் ஆகும். நேர்மின்சுமை இருந்தால் ஒரு எல் எக்ஸாக மாறும். எல் இல்லாவிட்டால் ஒரு எக்ஸ் இசட் ஆகும். அதன் பிறகு மூன்று எண்கள் கிடைக்கின்றன. எலக்ட்ரான் எண்ணிக்கை: தொகுதி எண், அதோடு எல்லின் இரண்டு மடங்கு, அதோடு எக்ஸ். உலோகத்தின் இணைதிறன்: எக்ஸ், அதோடு இசட்டின் இரண்டு மடங்கு. டி எலக்ட்ரான்கள்: தொகுதி எண்ணிலிருந்து அந்த இணைதிறனைக் கழித்தது.

சைஸ் உப்பின் எதிர்மின் அயனியைப் பாருங்கள். பிளாட்டினம், மூன்று குளோரின், ஒரு எத்திலீன், ஒரு எதிர்மின்சுமை. எக்ஸ்3எல், மின்சுமையைக் கரைத்ததும் எல்2எக்ஸ்2. எண்ணிக்கை 10 + 4 + 2 = 16, இணைதிறன் 2, டி8. தள சதுர பிளாட்டினத்துக்கு எதிர்பார்ப்பதே வருகிறது. ஹெக்சாஅம்மீன் கோபால்ட் மூன்று நேர்மின் அயனி எல்6. மூன்று மின்சுமையையும் கரைத்தால் எல்3எக்ஸ்3, எண்ணிக்கை 9 + 6 + 3 = 18, டி6. வில்கின்சன் வினையூக்கி, அதாவது ரோடியத்தில் ஒரு குளோரினும் மூன்று ட்ரைஃபீனைல்பாஸ்ஃபீனும், எல்3எக்ஸ்: 9 + 6 + 1 = 16, டி8.

18 வரவில்லை என்றால் கணக்கு தவறா?

இல்லை. உலோகத்தைச் சுற்றி மொத்தம் 18 எலக்ட்ரான் நிறைந்தால் சேர்மம் நிலைப்படும் என்பது 18 விதி. ஆனால் தள சதுர டி8 சேர்மங்கள் 16-இல் நிலைப்படும். வனேடியம் ஹெக்சாகார்பனைல் 17, கோபால்ட்டோசீன் 19, நிக்கலோசீன் 20. டைட்டானியம் டெட்ராகுளோரைடு நடுநிலைக் கணக்கில் 8 மட்டுமே. வலுவான பை ஏற்பிகளான (உலோகத்திடமிருந்து எலக்ட்ரான் வாங்கும்) கார்பனைல்கள் நிறைந்த, நடுத் தொகுதி உலோகங்களில்தான் 18 விதி நன்றாகப் பிடிக்கும். அங்கே 18 வராவிட்டால் மட்டும் கணக்கை மறுபடி பாருங்கள்.

கார்பன் மோனாக்சைடு எலக்ட்ரான்களைத் திரும்பவும் வாங்குகிறதே, பிறகு ஏன் அது எல்?

எழுத்து சொல்வது பிணைப்பு எலக்ட்ரான்களின் கணக்கை மட்டுமே. பின்பிணைப்பில் உலோகத்தின் டி எலக்ட்ரான்கள் கார்பன் மோனாக்சைடின் பை எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குள் செல்கின்றன. அதனால் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு தளர்கிறது, அகச்சிவப்பு நிறமாலையில் அதன் அதிர்வெண் இறங்குகிறது. தனி மூலக்கூறுக்கு 2143 செ.மீ⁻¹. ஒரே எலக்ட்ரான் அமைப்புள்ள ஹெக்சாகார்பனைல்களை வரிசையாக வைத்தால் மாங்கனீசு நேர்மின் அயனி சுமார் 2090, குரோமியம் சுமார் 2000, வனேடியம் எதிர்மின் அயனி சுமார் 1860, டைட்டானியம் இரட்டை எதிர்மின் அயனி சுமார் 1750. நான்கிலும் ஈனிகள் எல்6 தான். எழுத்து மாறாமலே பிணைப்பின் தன்மை இவ்வளவு நகர்கிறது.

இதில் ஆய்வகத்தில் அடிக்கடி நேரும் ஒரு பிழை உண்டு. 1850-க்குக் கீழே பட்டை கண்டதும் 'பாலக் கார்பனைல்' என்று எழுதிவிடுவது. நடுநிலைச் சேர்மங்களில் அது பெரும்பாலும் சரி. இரும்பு டெட்ராகார்பனைல் இரட்டை எதிர்மின் அயனியிலோ எல்லாக் கார்பனைல்களும் முனையில்தான் இருக்கின்றன, பட்டை 1790-ஐ ஒட்டி வருகிறது. முதலில் மின்சுமையைப் பாருங்கள், பிறகு பாலத்தைப் பற்றி யோசியுங்கள். கரைசலில் எடுத்த நிறமாலையைப் பொட்டாசியம் புரோமைடு வில்லையில் எடுத்ததோடு ஒப்பிடவும் வேண்டாம். ஹெக்சேன் கரைசலில் பட்டைகள் கூர்மையாகப் பிரியும், வில்லையில் அகன்று நகரும்.

எத்திலீன் எப்போதும் எல் தானா?

ஓர் எல்லைவரை. சைஸ் உப்பில் கார்பன்–கார்பன் தூரம் 1.375 ஆங்ஸ்ட்ராம், தனி எத்திலீனின் 1.34-ஐவிடச் சற்றே அதிகம். அது எல். டெட்ராசயனோஎத்திலீன் போன்ற எலக்ட்ரான் ஏற்கும் ஆல்கீனை எலக்ட்ரான் மிகுந்த பிளாட்டினத்தோடு பிணைத்தால் அந்தத் தூரம் 1.5-ஐ நெருங்கும், ஒற்றைப் பிணைப்புபோல. அதை மூவணு உலோக வளையமாக, எக்ஸ்2 என்று எழுதுவதே பொருத்தம். எலக்ட்ரான் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. இணைதிறன் மட்டும் இரண்டு கூடுகிறது.

ஈட்டா எண்ணை எந்தச் சோதனையால் உறுதி செய்வது?

படிக எக்ஸ்-கதிர் அமைப்பே இறுதிச் சான்று. புரோட்டான் என்எம்ஆரை (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். இரும்பில் ஒரு ஈட்டா-5 சிபி, ஒரு ஈட்டா-1 சிபி, இரண்டு கார்பனைல் உள்ள சேர்மத்தை அறை வெப்பத்தில் அளந்தால், சம பரப்புள்ள இரண்டு ஒற்றை முகடுகள் மட்டுமே தெரியும். ஈட்டா-1 வளையத்தில் இரும்பு ஒரு கார்பனிலிருந்து அடுத்ததற்கு வேகமாகத் தாவுவதால் ஐந்து புரோட்டான்களும் ஒன்றாகத் தெரிகின்றன. மைனஸ் 80 பாகைக்குக் குளிர்வித்தால் அந்த முகடு பல முகடுகளாகப் பிரியும், மற்றது அசையாது. ஐயம் வந்தால் குளிர் என்எம்ஆர் நேரம் கேட்டு வாங்குங்கள்.

எலக்ட்ரான் கணக்கும் துணை செய்யும். டைட்டானியத்தில் நான்கு சிபி வளையங்கள் உள்ள சேர்மத்தில் நான்கும் ஈட்டா-5 ஆனால் 24 ஆகிவிடும், நடக்காது. உண்மையில் இரண்டு ஈட்டா-5, இரண்டு ஈட்டா-1: 4 + 10 + 2 = 16.

வினையின் நடுவிலும் ஈட்டா மாறும். ரோடியத்தில் ஈட்டா-5 வளையமும் இரண்டு கார்பனைல்களும் உள்ள சேர்மத்தில் சிபிக்குப் பதிலாக இன்டீனைல் வளையத்தை வைத்தால், கார்பனைல் பதிலீட்டு வினை ஏறத்தாழ 10 கோடி மடங்குக்கும் மேல் வேகமாகிறது. ஃபிரெட் பசோலோ குழு 1983-இல் அளந்தது இது. வளையம் ஈட்டா-3-க்கு நழுவும்போது ஓர் எல் விடுபட்டு, உள்ளே வரும் ஈனிக்கு இடம் கிடைக்கிறது. இன்டீனைலில் அப்படி நழுவியதும் ஒட்டியுள்ள ஆறணு வளையம் முழு பென்சீன் தன்மையைப் பெறுகிறது, அதனால் நழுவல் மலிவாகிறது. ஈட்டா-5 என்று தாளில் எழுதியது வினை முடியும்வரை ஈட்டா-5 ஆகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

நைட்ரிக் ஆக்சைடு ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது?

அது இரண்டு விதமாக உட்கார்வதால். நேர்கோட்டில் பிணைந்தால் நடுநிலைக் கணக்கில் 3 எலக்ட்ரான், வளைந்து பிணைந்தால் 1. வளைந்தது எக்ஸ். நேர்கோட்டு வடிவத்துக்குச் சில நூல்கள் எல்எக்ஸ் என்றும், கிரீனின் வகைப்பாடு எக்ஸ்3 என்றும் எழுதுகின்றன. எலக்ட்ரான் எண்ணிக்கை மாறாது, இணைதிறன் மாறும். ருத்தேனியத்தில் இரண்டு நைட்ரோசில் (ஈனியாகப் பிணைந்த நைட்ரிக் ஆக்சைடு), ஒரு குளோரின், இரண்டு ட்ரைஃபீனைல்பாஸ்ஃபீன் உள்ள நேர்மின் அயனியில் இரண்டு வடிவமும் அருகருகே இருக்கின்றன: ஒன்றில் ருத்தேனியம்–நைட்ரஜன்–ஆக்சிஜன் கோணம் 178 பாகை, மற்றதில் 138. இரண்டுக்கும் பொதுவான ஒரு விதி வைத்தால் கணக்கு கட்டாயம் தவறும்.

அகச்சிவப்புப் பட்டையால் மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. 1600 முதல் 1700 செ.மீ⁻¹ வரை இரண்டு வடிவங்களின் வீச்சும் ஒன்றன்மேல் ஒன்று படிகிறது. கோணம் தெரியாதபோது எனிமார்க்–ஃபெல்ட்டம் குறியீட்டை (1974) எழுதுங்கள். உலோகத்தின் டி எலக்ட்ரான்களையும் நைட்ரோசிலின் பை எதிர்ப்பிணைப்பு எலக்ட்ரான்களையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வது அது. எது யாருடையது என்று பிரிக்காததால் பொய் சொல்லாது.

ஃபிஷர் கார்பீன், ஷ்ராக் கார்பீன்: எது எல், எது எக்ஸ்2?

கார்பீன் என்பது, வேறு இரண்டு பிணைப்புகள் மட்டுமுள்ள கார்பனால் உலோகத்தைப் பிடிக்கும் ஈனி. அந்தக் கார்பன்மேல் ஆக்சிஜனோ நைட்ரஜனோ இருந்து, உலோகம் கார்பனைல்களோடு தாழ்ந்த நிலையில் இருந்தால் ஃபிஷர் வகை, எல் (1964). ஆல்கைல் அல்லது ஹைட்ரஜன் மட்டும் இருந்து, உலோகம் டேன்டலம்போல் முன்தொகுதியாக, உயர்ந்த நிலையில் இருந்தால் ஷ்ராக் வகை, எக்ஸ்2 (1974). நைட்ரஜன் வளையக் கார்பீன்கள் எல், நடைமுறையில் பாஸ்ஃபீனின் இடத்தில் வைப்பவை. கார்பன்-13 என்எம்ஆர் எண்ணை வைத்துப் பிரிக்க முயலாதீர்கள், ஃபிஷர், ஷ்ராக் இரண்டுமே 200 பிபிஎம்முக்கு மேல் வரக்கூடும்.

உலோகத்தில் இரண்டு ஹைட்ரஜன் இருந்தால் எக்ஸ்2 என்று எழுதலாமா?

1984-இல் கிரெகரி கூபாஸ் டங்ஸ்டன் சேர்மத்தில் முழு ஹைட்ரஜன் மூலக்கூறே எல் ஈனியாகப் பிணைந்திருப்பதைக் காட்டியபின், சோதிக்காமல் எழுத முடியாது. எளிய சோதனை: ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள வடிவத்தைத் தயாரித்து, என்எம்ஆரில் ஹைட்ரஜன்–டியூட்டீரியம் இணைவு மாறிலியை அளப்பது. தனி மூலக்கூறில் அது 43 ஹெர்ட்ஸ். கூபாஸ் சேர்மத்தில் சுமார் 33, பிணைப்பு இன்னும் உடையவில்லை, எல். இரண்டு ஹெர்ட்ஸை ஒட்டியோ அதற்குக் கீழேயோ வந்தால் பிணைப்பு உடைந்த டைஹைட்ரைடு, எக்ஸ்2. டியூட்டீரிய வடிவத்தில் எஞ்சிய சாதாரண ஹைட்ரஜன் வடிவத்தின் முகடு மேலே படிந்து, மூன்று கிளைகளை மறைத்துவிடுவதுண்டு. அதைக் கழித்துவிட்டு அளக்க வேண்டும்.

பாஸ்ஃபீன்கள் எல்லாம் எல் என்றால், எதைத் தேர்ந்தெடுப்பது?

இங்கே எழுத்து உதவாது, அளவுகள் வேண்டும். சாட்விக் டோல்மன் 1977-இல் தொகுத்த இரண்டு அளவுகளை இன்றும் பயன்படுத்துகிறோம். ஒன்று, நிக்கல் ட்ரைகார்பனைலோடு பாஸ்ஃபீனைச் சேர்த்து அளக்கும் கார்பனைல் அதிர்வெண்: ட்ரைடெர்ட்பியூட்டைல் 2056, ட்ரைமெத்தில் 2064, ட்ரைஃபீனைல் 2069, பாஸ்ஃபரஸ் ட்ரைஃபுளோரைடு 2111 செ.மீ⁻¹. எண் குறையக் குறைய எலக்ட்ரான் ஈகை அதிகம். மற்றது கூம்புக் கோணம், ஈனி உலோகத்தைச் சுற்றி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதன் அளவு: ட்ரைமெத்தில் 118, ட்ரைஃபீனைல் 145, ட்ரைசைக்ளோஹெக்சில் 170, ட்ரைடெர்ட்பியூட்டைல் 182 பாகை. எலக்ட்ரான் நிறையத் தர வேண்டும், உலோகத்தில் காலியிடமும் வேண்டும் என்றால் பெரிய கூம்பு. பல்லேடியம் இணைப்பு வினைகளில் ட்ரைடெர்ட்பியூட்டைல்பாஸ்ஃபீன் எடுபடுவது இதனால்தான்.

அது காற்றில் உடனே கெடும். டெட்ராஃபுளோரோபோரேட் உப்பாக வாங்கி, வினைக்கலத்துக்குள்ளேயே காரத்தால் விடுவித்துக்கொள்வது பாதுகாப்பு. ட்ரைஃபீனைல்பாஸ்ஃபீன் திண்மமாகக் காற்றைத் தாங்கும், ஆனால் பழைய பாட்டிலைச் சோதிக்காமல் எடுக்காதீர்கள். பாஸ்ஃபரஸ்-31 என்எம்ஆரில் மைனஸ் 5 பிபிஎம் அருகே ஒரே முகடு வர வேண்டும். 25–30 இடையே இன்னொன்று இருந்தால் ஆக்சைடு கலந்திருக்கிறது. சூடான எத்தனாலில் மறுபடிகமாக்கிப் பயன்படுத்துங்கள். ஆக்சைடோடு எடை போட்டால் ஈனியின் அளவு குறைந்து, வினையூக்கி பாதியில் கறுத்து உலோகமாகப் படியும்.

பாலமாக நிற்கும் குளோரினையும் ஹைட்ரஜனையும் ஒரேபோல் எண்ணலாமா?

கூடாது. குளோரின் ஓர் உலோகத்துக்கு எக்ஸ், தன் தனித்த இணையால் மற்றதற்கு எல், மொத்தம் 3 எலக்ட்ரான். ரோடியம் டைகார்பனைல் குளோரைடு இருமத்தில் ஒவ்வொரு ரோடியத்துக்கும் 9 + 4 + 1 + 2 = 16. ஹைட்ரஜனிடம் தனித்த இணை இல்லை. பாலமாக நின்றாலும் அது தருவது ஒரே எலக்ட்ரான், பிணைப்பு மூன்று அணு–இரண்டு எலக்ட்ரான் பிணைப்பு. அதை இரண்டு உலோகத்துக்கும் தனித்தனியாக எண்ணிவிட்டு, கூடவே உலோக–உலோகப் பிணைப்பும் வரைவது ஒரே இணையை இரண்டு முறை எண்ணுவதாகும்.

இசட் வகை உண்மையில் இருக்கிறதா?

இருக்கிறது. 1999-இல் ஆந்தனி ஹில் குழு ருத்தேனியத்திலிருந்து போரானுக்கு நேரடி ஈதல் பிணைப்பு உள்ள சேர்மத்தைத் தெளிவாகக் காட்டியது. இசட் சேர்ந்தால் மொத்த எலக்ட்ரான் எண்ணிக்கை கூடாது, இணைதிறன் இரண்டு கூடும். அந்த இரண்டை டி எண்ணிக்கையிலிருந்து கழிப்பதா என்பதில் கருத்து வேறுபாடு இன்னும் இருக்கிறது. கிரீனின் கணக்கில் கழிக்க வேண்டும்.

எல் ஈனிகளை எல்3 ஈனியால் மாற்றுவதைக் கையால் செய்து பார்க்க எது நல்ல வினை?

குரோமியம் ஹெக்சாகார்பனைலையும் அனிசோலையும் கொண்டு அரீன் குரோமியம் ட்ரைகார்பனைல் தயாரிப்பது. மூன்று கார்பனைல்கள் வெளியேற, ஒரு ஈட்டா-6 வளையம் அமர்கிறது. எண்ணிக்கை முன்னும் பின்னும் 18. எலக்ட்ரான் மிகுந்த அனிசோல் எளிதில் பிணையும். பென்சீனை மிகுதியாக ஊற்றினால் கலவையின் கொதிநிலை இறங்கி வினை இழுக்கும்.

கரைப்பான் டைபியூட்டைல் ஈதர் பத்துப் பங்கு, டெட்ராஹைட்ரோஃபியூரான் (டிஎச்எஃப்) ஒரு பங்கு. டிஎச்எஃப் இல்லாமல் செய்யாதீர்கள். ஹெக்சாகார்பனைல் பதங்கமாகிக் குளிர்விப்பானில் வெண்மையாக ஒட்டிக்கொள்ளும், திரும்பி வழியும் டிஎச்எஃப்தான் அதைக் கழுவிக் குடுவைக்குள் இறக்குகிறது. பெங்களூர் கடல் மட்டத்துக்கு சுமார் 900 மீட்டர் மேலே இருப்பதால், நூலில் உள்ள கொதிநிலையைவிட இங்கே மூன்று, நான்கு பாகை குறைவாகவே கொதிக்கும். செய்முறையில் 24 மணி என்று இருந்தால் கூடுதலாகச் சில மணி ஒதுக்கி, அகச்சிவப்பில் பார்த்தபின் நிறுத்துங்கள். ஈதரில் பெராக்சைடு இல்லை என்று முன்பே சோதித்திருக்க வேண்டும்.

நைட்ரஜன் அல்லது ஆர்கான் சூழல் கட்டாயம், வெளிச்சம் படாமல் படலத்தால் சுற்றுங்கள். ஒரு கிராம் ஹெக்சாகார்பனைலிலிருந்து ஏறத்தாழ 350 மில்லிலிட்டர் கார்பன் மோனாக்சைடு வெளியேறும். ஆகவே அமைப்பை மூடவே கூடாது, எண்ணெய்க் குமிழிவழி புகைபோக்கி அறைக்குள் திறந்திருக்க வேண்டும். வினை நடந்தால் கரைசல் மஞ்சளாகும், கரைசலில் சுமார் 1980-இல் இருந்த ஹெக்சாகார்பனைலின் ஒற்றைப் பட்டை மறைந்து இரண்டு வரும்: 1980-ஐ ஒட்டி கூர்மையாக ஒன்று, 1910-ஐ ஒட்டி அகலமாக ஒன்று. முதல் பட்டை பழைய இடத்திலேயே விழுவதால், 1910-இல் புதிதாக எழுவதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். புரோட்டான் என்எம்ஆரில் வளைய முகடுகள் 7 பிபிஎம் பகுதியிலிருந்து 5-க்கு அருகே இறங்கியிருக்கும். பச்சையாக மாறினால் காற்று புகுந்து குரோமியம் ஆக்சிஜனேறியிருக்கிறது. மந்த வாயுச் சூழலிலேயே செலைட் (வடிகட்ட உதவும் தூள்) வழியே வடிகட்டி, மஞ்சள் வடிநீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.